சிட்டுவின் நாற்காலி

பொய் சொல்வதற்கென்றே சம்பளம் கொடுக்கிற வேலைகள் உலகத்தில் சில உண்டு. அதில் ஒன்றைத்தான் நம் ஆள் பார்த்துவந்தான். பிஸ்கட் கம்பெனியோ செருப்புக் கடையோ, எதுவானாலும் உள்ளே போய் உட்கார்ந்து, நோண்டி நோண்டிக் கேள்வி கேட்டு, எங்கே ஓட்டை, எப்படி அடைக்கலாம் என்று சொல்வது அவன் பிழைப்பு. அதில் ஒரு கலை, வாடிக்கையாளர் வேஷம் போடுவது. கடைக்குப் போன் போட்டு, போன வாரம் வாங்கின மிக்ஸி புகைகிறது என்று அழாத குறையாகப் புலம்பி, எதிர்முனையில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று மார்க் போட வேண்டும். மிக்ஸியும் கிடையாது, புகையும் கிடையாது. வேஷம் போட்டதைக் கடைசிக் கூட்டத்தில்தான் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், காபி வரும். இதில் யாருக்கும் பாவம் ஒட்டாது என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

அவன் கம்பெனியில் வருஷத்துக்குச் சிலரைப் பொறுக்கியெடுத்து, ஏழைபாழைகளுக்காக நடக்கும் தொழில்களுக்கு இலவசமாக யோசனை சொல்ல அனுப்புவார்கள். சம்பளம் கம்பெனி தரும், புண்ணியம் இவர்களுக்கு. இந்தத் தடவை அவன் தானே கை தூக்கினான். நல்லது செய்யப் போகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு தெம்பு வரும் பாருங்கள், அந்தத் தெம்பில் அவன் கால் தரையில் பாவவில்லை.

அவன் போய்ச் சேர்ந்த பட்டறை, டயர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு போன். பின்னால் வெல்டிங், அதற்கும் பின்னால் ஃபோம் வெட்டும் பலகை, தையல் மெஷின்கள். கழுத்து நிற்காத, முதுகு நிமிராத, தானாக உட்கார முடியாத குழந்தைகளுக்கு அவரவர் உடம்புக்குத் தக்கபடி நாற்காலி செய்தார்கள். வசதி உள்ளவர்களுக்கு விலைக்கு விற்று, அந்த லாபத்தில் இல்லாதவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். நடத்துகிற அம்மாள் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. அவரும் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார், கேட்கிற பாடில்லை, டாக்டரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் ஆளுக்கும் வந்த அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்: கேள்வி சார்.

"தும்மினாக்கூட ஏன் தும்மினேன்னு கேக்கறாருப்பா" என்றார் ஃபோம் வெட்டுகிற மெத்தை மாமா. "அடக்கிட்டுப் போனா, ஏன் அடக்கினேன்னு கேப்பாரு."

முன்னறைப் போனுக்கு உரியவள் போன் அக்கா. கணவன் இல்லை, மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மிச்சமிருந்த பாசமெல்லாம் அந்தப் போனில் போய் விழுந்தது. யார் கூப்பிட்டாலும் "சொல்லுப்பா", "சொல்லும்மா" என்றுதான் ஆரம்பிப்பாள். கூப்பிட்டவர் அழுதால் அழுது முடிக்கிறவரை காத்திருப்பாள். பிறகு ஒரு கயிறு எடுத்துவரச் சொல்லி, பிள்ளையின் இடுப்பு, தொடை, முதுகு எல்லாவற்றையும் போனிலேயே அளந்து வாங்கிவிடுவாள். அந்த அளவை வைத்து நாற்காலி பாதி எழும்பும், பிள்ளை நேரில் வந்ததும் மீதி முடியும். சான்றிதழ், மருத்துவச் சீட்டு எதுவும் கேட்பதில்லை.

கேள்வி சாருக்கு இது உறுத்தியது. டாக்டரம்மாவிடம் கேட்டான். "யாராவது பொய் சொல்லி ஆர்டர் குடுத்துட்டா என்ன பண்ணுவீங்க மேடம்?"

டாக்டரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "உக்கார முடியாத பிள்ளை இருக்குன்னு எந்த அப்பன் பொய் சொல்லுவான்?"

சீட்டு எதுவும் கேட்காமல் ஆர்டர் எடுப்பதை அவன் குறைகளின் பட்டியலில் முதலாவதாகக் குறித்துக்கொண்டான்.

ஒரு மதியம் அவன் வீட்டில் இருந்தான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஐந்து வயது மகள் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேஷம் போட இதைவிட நல்ல நேரம் ஏது? இதற்கென்றே வைத்திருந்த வேறொரு சிம்மைப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பட்டறைக்கு அடித்தான்.

"சொல்லுப்பா" என்றாள் போன் அக்கா.

சொன்னான். பெண் குழந்தை, ஐந்து வயது, உட்காரமாட்டாள். இதெல்லாம் தயார் செய்து வைத்திருந்தது. ஆனால் "குழந்தை பேர் என்னப்பா?" என்று அவள் கேட்பாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊரை ஏமாற்றக் கிளம்பியவன் ஒரு பெயரை யோசிக்காமல் வந்திருந்தான். கண் கட்டிலுக்குப் போனது.

"சிட்டு" என்றான். அவன் மகளை வீட்டில் கூப்பிடும் பெயர்.

"அழகான பேரு. பக்கத்துல தானே படுத்திருக்கா? ஒரு கயிறு எடுத்துக்க. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்திருக்கலாம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவன் அரைகுறையாக எதையும் செய்கிறவன் இல்லை. ஷூவிலிருந்து லேஸை உருவி, தூங்குகிற மகளின் முதுகை அளந்தான், தொடையை அளந்தான், முழங்காலிலிருந்து பாதம்வரை அளந்தான். லேஸ் உள்ளங்காலில் பட்டதும் குழந்தை தூக்கத்திலேயே சிரித்தது. அவன் அளவுகளைச் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம், பாவி. அவசரம் என்றால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. "சாப்பிடும்போது சரிஞ்சுடறாக்கா. சாப்பாடு மூச்சுக்குழல்ல போயிடுது. போன வாரம் முகமெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு."

எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பயப்படாத தம்பி. உன் பிள்ளையை முன்னாடி எடுத்துக்கறோம். வீடு எங்க?"

"பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. பச்சை கேட்டு."

போனை வைத்துவிட்டு முழு மார்க் போட்டான். சிம்மைக் கழற்றி மேஜை டிராயரில் எறிந்தான். செருப்புக் கடையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வராத வாடிக்கையாளரைக் கடைக்காரன் தேடமாட்டான். கேள்வி சாரும் மறந்துபோனான்.

சில நாள் கழித்து, பின்கட்டில் தையல் மெஷின் பக்கம் போனவன் ஒரு சின்ன நாற்காலியைப் பார்த்தான். மஞ்சள் துணி, தலைக்கு இரண்டு பக்கமும் அணைப்பு, முதுகுப் பக்கம் பழுப்பு நூலில் ஒரு குருவி.

"குருவி ஜோரா இருக்கே மாமா" என்றான்.

"பிள்ளை பேரு சிட்டாம் சார். பேருக்கேத்த மாதிரி இருக்கட்டுமேன்னு தைக்கச் சொன்னேன்" என்றார் மெத்தை மாமா. "அவங்கப்பன் போன்தான் எடுக்கமாட்டேங்கறான். என்ன கஷ்டமோ."

தேள் கொட்டிய திருடன் கதைதான். கத்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று முன்னறைக்கு வந்தான். அங்கே இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தாள்.

அவளை அவனுக்குத் தெரியும். தெருக்கோடியில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். துணி மூட்டைகளுக்கு நடுவே மகனைச் சாய்த்துவைத்துவிட்டுப் பெட்டி தேய்ப்பாள், அவன் சரிந்தால் ஓடிப்போய் நிமிர்த்துவாள், மறுபடி தேய்ப்பாள். நாற்காலி வரிசையில் அடுத்த முறை அவள் மகனுடையது. சின்ன அளவு நாற்காலிச் சட்டம் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, புதுச் சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு சட்டத்தில்தான் இப்போது சிட்டுவின் நாற்காலி எழும்பியிருந்தது.

"அந்தப் பிள்ளை வந்துச்சா?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரம்மா.

"இன்னும் இல்லம்மா" என்றாள் போன் அக்கா.

"வரட்டும், வரட்டும். மூச்சு முட்டற பிள்ளைக்கு முதல்ல குடுங்கன்னு நான்தானே சொன்னேன். எம்பையன் இருமத்தானே செய்யறான்."

கேள்வி சார் தண்ணீர் குடிக்காமலே பின்கட்டுக்குத் திரும்பிப் போனான்.

வராத பிள்ளையின் நாற்காலியை இந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது, மெத்தை மாமாவிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தான். அங்கேதான் அந்தப் பட்டறையின் ஒரு பழக்கம் குறுக்கே நின்றது. முன்பு ஒருமுறை அப்படித்தான், வரவில்லையே என்று ஒரு நாற்காலியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே முதல் பிள்ளையின் தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், வெள்ளத்தில் வழி அடைத்துப்போனதாம். அன்றிலிருந்து, ஒரு பிள்ளைக்கென்று வெட்டிய நாற்காலி, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் கை மாறாது. தெரியாவிட்டால் போய்த் தேடுவார்கள். போன் அக்கா தினமும் வேலை முடிந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்த் தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் பச்சை கேட்டுக்குப் பஞ்சமே இல்ல சார்" என்றாள் அவனிடம். பாதம் வீங்கியிருந்தது. "ஒவ்வொரு கதவாத் தட்டறேன். ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டுட்டாங்க. பரவால்ல, அந்தத் தம்பி குரலை எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சுடுவேன்."

அவன் அதன்பிறகு அவளிடம் அதிகம் பேசவில்லை. அவள் பேசினால் தலையை மட்டும் ஆட்டினான்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. டாக்டரம்மாவின் அறை வாசல்வரை போனான். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார். நீங்க சொன்ன மாதிரி ஃபோம் ஷீட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினோம், எவ்வளவு மிச்சமாச்சு தெரியுமா? உங்களை அனுப்பினவங்க நல்லா இருக்கணும்" என்றார். அவன் வாயில் வந்தது வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. கம்பெனிக்கு இவர் எழுதப்போகும் பாராட்டுக் கடிதமும் ஒரு நொடி கண்ணில் வந்து போனது, அதையும் மறைப்பானேன். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினான். ஒவ்வொரு நாளும் ஒரு நாளை வந்தது.

அப்புறம் ஒரு காலை இஸ்திரிக் கடை பூட்டியிருந்தது. மகனுக்கு இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டதாம், படுத்த வாக்கில் ஊட்டியது உள்ளே போய்ச் சளி கட்டிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வெல்டர் அண்ணன் வந்து சொன்னார். உட்கார வைத்து ஊட்டுங்கள் என்று நர்ஸ் சொல்கிறாளாம். எதில் உட்கார வைப்பது? எல்லோரும் மஞ்சள் நாற்காலியைப் பார்த்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை.

அவன் போனில் இட்டுக்கட்டிச் சொன்ன அத்தனையும் இஸ்திரிக்காரம்மாவின் மகனுக்கு நடந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுப் பால்கனியில் நின்று டிராயரில் கிடந்த சிம்மைப் போட்டான். ஒரு பொய்யால் கட்டின முடிச்சை இன்னொரு பொய்யால் அவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். ஊர் மாறிவிட்டோம் என்று சொல்லலாமா? எந்த ஊர் என்று கேட்பாள், அங்கேயும் தேடிக்கொண்டு போவாள். அதனால் சுருக்கமாக முடித்துக்கொண்டான்.

"அக்கா, சிட்டு அப்பா பேசறேன். நாற்காலி வேண்டாம்க்கா. சிட்டுவுக்கு இனிமே தேவைப்படாது. வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க."

நிறையக் கேட்பாள் என்று பயந்திருந்தான். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "நீ ஏதாவது சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"சாப்பிட்டேன்க்கா" என்று வைத்துவிட்டான். அப்பாடா என்று திரும்பினால், கொடியிலிருந்து எடுத்த துணிகளை அணைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

"எந்தச் சிட்டுவுக்கு எது தேவைப்படாது?"

சொன்னான். மறைக்க இனி இடமில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் துணிகளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பொய் சொல்றதுக்கு ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு? தூங்கற பிள்ளையை அளந்தீங்களா? இந்தக் காலையா?"

"இது வேலைக்காக..."

"இனிமே தேவைப்படாதுன்னா அவங்க என்னன்னு எடுத்துப்பாங்க? ஏங்க, கேள்வி கேக்கறதுதானே உங்க பொழப்பு. இதை ஒரு தடவை உங்களையே கேட்டுக்கலையா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போன் அக்கா ஏன் சாப்பிட்டாயா என்று கேட்டாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் அவன் போனபோது பட்டறை மெஷின் எதுவும் ஓடவில்லை. மாவு மில் ஓடுகிற சத்தம் மட்டும் சுவர் வழியாகக் கேட்டது. மெத்தை மாமா பலகையோரம் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் நாற்காலியிலிருந்து குருவியைத் துணியோடு பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. அந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைத்து, அளவைக் கொஞ்சம் கூட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

"இது அவங்கப்பன்கிட்ட போய்ச் சேரணும்" என்று குருவியைக் காட்டினார். "என்னைக்காவது வருவான்."

முன்னறையில் போன் அடித்தது. போன் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எடுக்கவில்லை. மாமா ஓடிவந்து எடுத்து, யாரிடமோ கத்திக் கத்திப் பேசிவிட்டு வைத்தார்.

"நீலம் பாரிச்சுடுச்சுன்னு அவன் சொன்னப்பவே நான் வண்டி பிடிச்சுப் போயிருக்கணும்" என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "அட்ரஸை ஒழுங்காக் கேட்டு வாங்கத் துப்பில்ல எனக்கு. பச்சை கேட்டாம். ஒரு பிள்ளையைச் சாகவிட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"நீ என்னக்கா பண்ணுவ" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நாற்காலி இஸ்திரிக்காரம்மாவின் மகனுக்குப் போகப்போகிறது. கேள்வி சார் நினைத்த காரியம் முடிந்துவிட்டது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பாராட்டுக் கடிதமும் வரும். அந்த நினைப்பு வந்ததே என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அக்காவின் வீங்கின காலைப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்ட மனைவியின் முகத்தை நினைத்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்.

"அக்கா, அந்தப் போன் பண்ணது நான்தான்" என்றான்.

அக்காவுக்குப் புரியவில்லை. அவன் குரலைத் தாழ்த்தி, அன்று பேசின மாதிரியே, "சிட்டு அப்பா பேசறேன்" என்றான். அவள் நிமிர்ந்தாள். எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவள் சொன்ன குரல்.

"அப்போ பிள்ளை சாகலையா?" முகம் மலர்ந்துவிட்டது, அந்த மலர்ச்சியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "நல்லா இருக்காளா? உங்க பொண்ணா சார்? சொல்லவே இல்லையே."

"என் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. ஓடுவா, குதிப்பா. நாற்காலியெல்லாம் அவளுக்கு எப்பவுமே தேவைப்படல. நீங்க எப்படிப் பேசறீங்கன்னு பாக்கறதுக்காகச் சும்மா..."

மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பின்கட்டிலிருந்து வந்த வெல்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் பக்கம் ஓரடி வைத்தார். டாக்டரம்மா கை நீட்டித் தடுத்தார்.

"நாற்காலியை வண்டில ஏத்துங்க. பையன் காத்துட்டிருக்கான்" என்றார் அவர். பிறகு அவனிடம், "எந்த அப்பன் பொய் சொல்லுவான்னு உங்ககிட்டதான் கேட்டேன். அன்னைக்குப் பேசாம இருந்தீங்க" என்றார்.

"மேடம், மன்னிச்சிடுங்க."

"நான் யாரு மன்னிக்கறதுக்கு? ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அவன் நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கப் போனான். "விடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று வெல்டர் அண்ணன் தானே வாங்கிக்கொண்டார். வண்டி கிளம்பிப் போனது.

போன் அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. மாமா பிரித்தெடுத்த குருவியை மேஜையில் அவன் பக்கமாகத் தள்ளிவைத்தாள். "பிள்ளையோட அப்பன்கிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றாள். அவன் அதை எடுத்தான். நூல்முனைகள் விரலில் குத்தின.

அப்போது போன் அடித்தது. அக்கா பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்தாள். எதிர்முனையில் ஓர் ஆண் குரல், அவசர அவசரமாக, பயந்தபடி ஏதோ சொல்வது அவனுக்கும் லேசாகக் கேட்டது. மகள் என்றது, கழுத்து என்றது, உட்காரமாட்டாள் என்றது.

அக்கா "சொல்லுப்பா" என்று வாயெடுத்தாள். அது வரவில்லை. கண் கேள்வி சாரின் மேல் நின்றது.

"டாக்டர் குடுத்த சீட்டு ஏதாவது இருக்கா?" என்றாள் போனில். "இல்லீங்க, அப்படியெல்லாம் எடுத்துக்க முடியாது. நிஜமாவே உங்களுக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் குறைகளின் பட்டியலில் முதலாவதாக எழுதிவைத்திருந்தது சரிசெய்யப்பட்டுவிட்டது. எதிர்முனையில் ஒரு தகப்பன், தன் மகளுக்கு உட்கார வராது என்பதை நிரூபிக்க, திக்கித் திணறி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.